பெயரா, இடமா, அளவா?

ரயில்வே தேர்வுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி ஞாயிறு மாலைகளில் தேவ்நாரில் என் வீட்டுக்கு வந்துபோவாள். அவளுக்குச் சொந்த வீடு சீட்டா கேம்ப்பில். 1976-இல் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்களே, அந்த இடம்தான். தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. அவளுக்குக் கணக்கு வரும், பொது அறிவும் தேறும். 'கோடிங் டிகோடிங்' பகுதி வந்தால் மட்டும் பேனாவை மூடிவிடுவாள்.

"இதுக்கெல்லாம் தனி மூளை வேணும் மாமா."

தனி மூளை எதுவும் வேண்டாம் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. எங்கள் பேட்டைப் பெயர்களை வைத்தே ஒரு கேள்வி போட்டேன். தேவ்நார் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் டி, இ, ஓ, என், ஏ, ஆர். இது ஒரு குறியீட்டில் இ, டி, பி, எம், பி, க்யூ என்று ஆகிறது. அப்படியானால் செம்பூர் எப்படி ஆகும்?

அவள் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்: "முதல் ரெண்டு எழுத்தும் இடம் மாறியிருக்கு. ரெண்டு ரெண்டா மாத்திப் போட்டா முடிஞ்சுது."

"மூணாவது எழுத்தைப் பாரு."

பார்த்தாள். இடம்தான் மாறுகிறது என்றால் மூன்றாவதாக 'என்' வந்திருக்க வேண்டும். வந்திருப்பது 'பி'. அவள் கட்டிய விதி இரண்டு எழுத்துக்கு நின்றது, மூன்றாவதில் விழுந்துவிட்டது.

இங்கே இன்னொரு சிக்கலையும் வாசகர் கவனித்திருப்பார். விடையில் இரண்டு 'பி' இருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்தா? இல்லை. முதலாவது ஆங்கில வரிசையில் 16-ஆவது, அடுத்தது 2-ஆவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'டி'யும் அப்படித்தான்: நான்காவதும் 'டி', இருபதாவதும் 'டி'. இரண்டு பொருளுக்கு ஒரே குறி கொடுத்துவிட்டால் போன வழியே திரும்பி வர முடியாது. நாம் தினமும் தமிழ் வாசிக்கும்போது இந்தச் சிக்கலை இடம் பொருள் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறோம். கோயிலில் கழுவுகிற பாவத்தையும் நடனத்தில் காட்டுகிற பாவத்தையும் ஒரே மாதிரி எழுதினாலும் எது எது என்று குழம்புவதில்லை. புதிரில் அப்படி உதவ வாக்கியம் எதுவும் கூட வராது. அதனால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடிப்போம்.

தேவ்நார்: 4, 5, 15, 14, 1, 18.
குறியீடு: 5, 4, 16, 13, 2, 17.

மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு ஒவ்வொன்றாக வித்தியாசம் எடுத்தால்: கூட்டல் 1, கழித்தல் 1, கூட்டல் 1, கழித்தல் 1, கூட்டல் 1, கழித்தல் 1. திரை விலகிவிட்டது. செம்பூரின் எண்கள் 3, 8, 5, 13, 2, 21, 18. விடை 4, 7, 6, 12, 3, 20, 19. காகிதத்தில் எழுதியதும் அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மனத்துக்குள் போட்டுப் பார்த்தபோது ஏன் வரவில்லை? 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், நம் உடனடி நினைவில் ஏறக்குறைய ஏழு துண்டுகள்தான் நிற்கும் என்று எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதை இன்னும் குறைத்து நான்கு என்றார். ஆறு எழுத்து, அதன் குறியீடு ஆறு, இரண்டுக்கும் நடுவே ஆறு வித்தியாசம் என்று மொத்தம் பதினெட்டு. நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் பதினெட்டுப் பேர். காலை எட்டரை மணி கோவண்டி லோக்கல் பெட்டியில் வேண்டுமானால் அது நடக்கும், தலைக்குள் நடக்காது. பென்சிலால் எழுதிக்கொள்வது மூளை மந்தம் என்பதன் அடையாளம் இல்லை. பெஞ்சை நீட்டுவதற்கான வழி அதுதான்.

இந்த வகைக் கேள்விகளை ஐம்பது விதமாகப் பிரித்துப் பயிற்சிப் புத்தகங்கள் விற்கின்றன. எனக்குத் தெரிந்த வரையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. எதிரே இருக்கும் குறி ஒரு பெயரா, ஓர் இடமா, ஓர் அளவா?

பெயர்

தேவ்நாரில் கோவண்டி ஸ்டேஷன் சாலையில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1956-இல் தொடங்கியது. நாடு முழுவதும் நடக்கும் தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துவது இதுதான். 2019-21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கேள்வி கேட்டார்கள். அத்தனை பேர் சொன்ன பதிலும் கடைசியில் எண்ணாகத்தான் கணினிக்குள் போகும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் 'ஆம்' என்றால் 1. 'தெரியாது' என்றால் 8. பதில் இரண்டு இலக்கத்தில் வரவேண்டிய கேள்வியானால் 'தெரியாது' என்பதற்கு 98.

இந்த 98-இல் ஒரு குழி இருக்கிறது. எத்தனை நாள் காய்ச்சல் இருந்தது என்று பத்துப் பேரைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் இரண்டு நாள் என்கிறார்கள். ஒருவர் நினைவில்லை என்கிறார், அவருக்கு 98 என்று பதிகிறோம். குறியீட்டை அறியாத ஒருவர் இதற்குச் சராசரி போட்டால், பதினெட்டும் தொண்ணூற்றெட்டும் சேர்ந்து 116, பத்தால் வகுத்தால் 11.6 நாள். ஊரே பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததாகக் கணக்கு வரும்! 98 இங்கே அளவு இல்லை, எண் வேடம் போட்ட சொல். புள்ளிவிவரம் கற்பிப்பவர்கள் முதல் நாளே எச்சரிக்கும் தவறு இது. தேர்வறையில் நாம் செய்வதும் இதே தவறுதான்: பெயராக நிற்கும் எண்ணைக் கூட்டிப் பெருக்கிப் பார்ப்பது.

டப்பாவாலாக்களின் குறியும் பெயர் வகைதான். 1890 வாக்கில் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கி வைத்த தொழில் என்பார்கள். டப்பா மூடியில் பெயிண்டால் நாலைந்து எழுத்தும் எண்ணும் இருக்கும். எந்த ஸ்டேஷனில் ஏறியது, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கே யார் கையில் போகும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, அவ்வளவும் அதில் அடக்கம். வாடிக்கையாளர் பெயர் இருக்காது. தேவையும் இல்லை. மறைக்க எழுதிய குறி அல்ல அது, ஓடும் கூட்டத்தில் ஒரு பார்வையில் படிக்க எழுதியது.

தேர்வில் பெயர் வகை இப்படி வரும். ஒரு மொழியில் 'பஸ் மெதுவாக வந்தது' என்பதற்கு 'தா கு பி'. 'நேற்று மழை வந்தது' என்பதற்கு 'கு லோ மே'. 'நேற்று மெதுவாக நடந்தேன்' என்பதற்கு 'தா சி லோ'. மழைக்கு என்ன சொல்?

இங்கே எழுத்துகளை எண்ணுவது வீண். 'கு' என்பதில் 'வந்தது'க்குரிய சாயல் எதையும் தேடக் கூடாது, அது வெறும் பெயர்ப்பலகை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு வாக்கியத்துக்கும் பொதுவான சொல் எது, பொதுவான குறி எது என்று பார்ப்பது. முதல் இரண்டிலும் 'வந்தது' இருக்கிறது, 'கு' இருக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 'நேற்று', 'லோ'. ஆக, இரண்டாவது வாக்கியத்தில் மிஞ்சியது மழை, மிஞ்சிய குறி 'மே'. மூன்றாவது வாக்கியத்தை முழுதாக அவிழ்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

விளையாட்டாகத் தோன்றும் இந்த முறைக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1837-இல் கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலியில் இருந்த சின்னச் சின்னப் பிராமிக் கல்வெட்டுகளின் படிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். பல கல்வெட்டுகள் ஒரே மாதிரி இரண்டு எழுத்தில் முடிந்தன. கோயிலுக்கு ஆளுக்கொரு கல் கொடுத்தவர்கள் கடைசியில் என்ன எழுதுவார்கள்? 'தானம்'. அந்த ஒரு சொல் பிடிபட்டதும் மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. நம் மதுரைப் பக்கத்து மலைக்குகைகளில் இருந்த பிராமிக் கல்வெட்டுகள் அதற்கும் மசியவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், அவற்றில் வடக்கே இல்லாத சில எழுத்துகள் இருப்பதைக் காட்டி, அவை ழ, ள, ற, ன என்றும் மொழி தமிழ் என்றும் விளக்கினார். எது பொது என்று பார்த்தார் பிரின்செப். எது பொதுவில் சேரவில்லை என்று பார்த்தார் சுப்பிரமணிய ஐயர். கேள்வித்தாளில் வேண்டியதும் இந்த இரண்டு பார்வைதான்.

இடம்

தேவ்நாரின் பின்கோடு 400088. செம்பூர் 400071. மாட்டுங்கா 400019, தாராவி 400017. சென்னையின் தலைமை அஞ்சலகம் 600001, மதுரை 625001, திருநெல்வேலி 627001. இந்த ஏழையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல் அவள் முன்னால் வைத்தேன்.

"பம்பாய்க்கு எல்லாமே 400. ஊர்ப் பக்கம் எல்லாம் 6-ல ஆரம்பிக்குது. கடைசி மூணும் அந்தந்தப் போஸ்ட் ஆபீஸ்."

யாரும் சொல்லித்தராமல் ஒரு குறியீட்டின் இலக்கணத்தை ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டாள். தனி மூளை வேண்டும் என்று சொன்னவள்தான்.

ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற மத்தியத் தகவல்தொடர்புத் துறை அதிகாரி வகுத்த திட்டம் அது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர், பல மொழியில் முகவரி, கிறுக்கல் கையெழுத்து என்று அஞ்சல் பிரிப்பவர்கள் பட்ட பாட்டுக்கு மருந்து. முதல் இலக்கம் நாட்டின் ஒரு மண்டலம்: 4 என்றால் மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். இடமிருந்து வலமாகப் போகப் போகப் பரப்பு சுருங்கி, கடைசியில் ஓர் அஞ்சலகத்தில் வந்து நிற்கும். எந்த இலக்கம் எங்கே நிற்கிறது என்பதில்தான் அதன் பொருள். அதே சமயம் 400088-இல் 400071-ஐக் கழித்தால் வரும் 17-க்கு எந்தப் பொருளும் கிடையாது. செம்பூருக்கும் தேவ்நாருக்கும் பதினேழு கிலோமீட்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தேர்வில் பெரும்பாலும் வரும் எழுத்துக் குறியீடு இந்த இட வகை. இருபத்தாறு எழுத்துக்கும் இருக்கை எண் உண்டு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விரல் விட்டு எண்ணினால் நேரம் போய்விடும். 5, 10, 15, 20, 25 ஆகிய ஐந்து இருக்கைகளில் யார் என்று மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்: இ, ஜே, ஓ, டி, ஒய். பயிற்சி வகுப்புகளில் இதைச் சேர்த்து 'இஜோட்டி' என்று மந்திரம் மாதிரி சொல்லித்தருகிறார்கள். தாதர், குர்லா, தானே தெரிந்தவனுக்கு நடுவில் வரும் ஸ்டேஷன்கள் தானாகத் தெரிவது போல, இந்த ஐந்தும் தெரிந்தால் எந்த எழுத்துக்கும் இரண்டு எட்டில் போய்விடலாம்.

இன்னும் இரண்டு சங்கதி. ஒன்று, 26-க்குப் பிறகு மறுபடி 1. கடிகாரத்தில் பதினொன்றுக்கு மேல் மூன்று மணி நேரம் போனால் இரண்டு என்பது போல, 25-ஆவது எழுத்தை மூன்று தள்ளினால் 28 அல்ல, 2. ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் எழுத்தை மூன்று தள்ளி எழுதியது இந்த வட்டக் கணக்கில்தான். இரண்டு, எதிர் எழுத்து. முதலெழுத்துக்குக் கடைசி, இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தையது என்று மாற்றும் குறியீட்டில் ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் 27 வரும். தேவ்நார் இப்போது 23, 22, 12, 13, 26, 9. வித்தியாசம் எடுத்து ஒழுங்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் மேலும் கீழும் கூட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் 27 என்றால் கதை முடிந்தது.

சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்கும் மாட்டுங்கா ரசிகர்களுக்கு இட வகைக் குறியீடு ஒன்று பழக்கம்: கடபயாதி. 72 மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே அவற்றின் எண் ஒளிந்திருக்கிறது. வடமொழி எழுத்துகளை வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனையாவது எழுத்து என்பதையே எண்ணாகக் கொள்வது முறை. மேசகல்யாணியில் 'ம' தன் வரிசையில் ஐந்தாவது, 'ச' ஆறாவது. 56-ஐத் திருப்பிப் போட்டால் 65. அதுதான் அந்த ராகத்தின் எண். கல்யாணி என்ற பழைய பெயருக்கு முன்னால் 'மேச' ஒட்டிக்கொண்டது இந்தக் கணக்குக்காகத்தான். தீரசங்கராபரணத்தில் 'தீ' 9, 'ர' 2, திருப்பினால் 29. ஆனால் தமிழில் எழுதிய 'தீ'யைப் பார்த்து அது ஆறாவது த-வா ஒன்பதாவது த-வா என்று சொல்ல முடியாது. நான்கு ஒலிக்கும் ஒரே எழுத்து. 'பி' கதைதான் மறுபடியும்.

அளவு

மூன்றாவது வகையில் எழுத்துகளின் எண்ணைச் சேர்த்து ஒரு தொகை ஆக்கிவிடுவார்கள். தேவ்நார் 57, செம்பூர் 70 என்றால் கோவண்டி எவ்வளவு? கோவண்டியின் ஆங்கில எழுத்துகள் 7, 15, 22, 1, 14, 4, 9. கூட்டினால் 72.

சொல் போய் ஒற்றை எண் வந்து நிற்பதைக் கண்டாலே இது அளவு வகை என்று தெரிந்துகொள்ளலாம். முதலில் கூட்டிப் பாருங்கள். கூட்டல் ஒத்துவரவில்லை என்றால், எழுத்துகளின் எண்ணிக்கையால் பெருக்கியிருக்கலாம், அல்லது எதிர் எழுத்துகளைக் கூட்டியிருக்கலாம். எதிர் எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டாம். ஒவ்வொரு ஜோடியும் 27 என்பதால், தேவ்நாரின் ஆறு எழுத்துக்கு 27 பெருக்கல் 6, அதாவது 162. அதில் 57 போனால் 105. மேலே உள்ள 23, 22, 12, 13, 26, 9-ஐக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அளவு வகையில் இழப்பு அதிகம். 57-இலிருந்து தேவ்நாருக்குத் திரும்பிப் போக வழியில்லை. கூட்டினால் 57 வரும் சொற்கள் எத்தனையோ இருக்கும். எழுத்துகளைக் கலைத்துப் போட்டாலும் அதே 57தான். அதனால் இந்த வகைக் கேள்வி பெரும்பாலும் சொல்லிலிருந்து எண்ணுக்குத்தான் போகச் சொல்லும். எண்ணைக் கொடுத்துச் சொல்லைக் கேட்டால், நான்கு விடைகளையும் கூட்டிப் பார்ப்பதே குறுக்குவழி.

பொருந்தினால் போதுமா?

ஒரு ஞாயிறு அவள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "விதி பொருந்துது மாமா. ஆனா அவங்க நினைச்ச விதி அதுதான்னு எப்படித் தெரியும்?"

தெரியாது என்பதே நேர்மையான பதில். ஓர் எடுத்துக்காட்டுக்குப் பொருந்தும் விதிகளுக்கு எல்லையே கிடையாது. இருபத்தாறு எழுத்தை ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கும் வழிகள் மட்டுமே 4-க்குப் பின்னால் 26 சுழி போட்டால் வரும் எண்ணுக்குக் கொஞ்சம் அதிகம். அதில் எழுத்துகளை ஒரே அளவு தள்ளி வைக்கும் வழிகள் வெறும் 25.

பொருத்தம் ஏமாற்றும் என்பதற்குப் புகழ்பெற்ற சாட்சி இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 1968-இல் வந்த '2001' படத்தில் வரும் கணினியின் பெயர் ஹால். அதன் மூன்று ஆங்கில எழுத்துகள் 8, 1, 12. ஒவ்வொன்றையும் ஒன்று தள்ளினால் 9, 2, 13, அதாவது ஐபிஎம்! பெரிய கணினி நிறுவனத்தைக் குத்திக்காட்டவே வைத்த பெயர் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. கிளார்க் கடைசிவரை மறுத்தார், அது தற்செயல் என்றார். மூன்றே எழுத்தில் தற்செயலுக்கு இடம் தாராளமாக உண்டு. ஏழெழுத்துச் சொல் ஒன்று முழுக்க அப்படிப் பொருந்தினால் தற்செயல் என்று சொல்ல வாய் வராது. விதியை நம்புவதற்கு முன் அது எத்தனை எழுத்தில் விழாமல் நின்றது என்று பார்க்க வேண்டும். அவளுடைய முதல் விதி இரண்டெழுத்தில் நின்று மூன்றாவதில் விழுந்ததை மறக்கக் கூடாது.

கேள்வித்தாளில் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. விடை தெரிந்த ஒரு ஜோடியைக் கையில் கொடுத்துத்தான் கேட்கிறார்கள். சிந்துவெளி முத்திரைகளில் அது இல்லை. 1977-இல் ஐராவதம் மகாதேவன் அந்த எழுத்துகளைத் தொகுத்து 417 குறிகளை வரிசைப்படுத்தினார். 2009-இல் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ராஜேஷ் ராவும் சேர்ந்து, ஒரு குறிக்குப் பின் எந்தக் குறி வருகிறது என்பதில் மொழிக்குரிய ஒழுங்கு இருப்பதாகக் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆனாலும் பெரும்பாலான முத்திரைகளில் இருப்பது ஐந்தாறு குறிதான், பக்கத்தில் தெரிந்த மொழியில் ஒரு வரிகூடக் கிடையாது. எல்லோருடைய விதியும் பொருந்துகிறது, எவருடையதையும் விழவைக்கப் போதுமான எழுத்து இல்லை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த பிறகும் அந்தப் புதிர் அப்படியே நிற்கிறது.

54 விநாடி

ரயில்வேயின் என்டிபிசி முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி. அதில் 30 கேள்வி ரீசனிங். ஒரு கேள்விக்கு 54 விநாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும்.

நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைக் குத்தினால் என்ன ஆகும்? நூறு கேள்வியில் 25 சரி, 75 தவறு. கிடைப்பது 25, போவது 25. பூஜ்யம். ஒரு விடையை மட்டும் நிச்சயமாக நீக்கிவிட்டுக் குத்தினால் 90 கேள்வியில் 30 சரி, 60 தவறு, கையில் நிற்பது 10. இரண்டை நீக்கினால் 90-க்கு 45 சரி, 45 தவறு, கையில் 30. பாதி தெரிந்தாலே பலன் உண்டு என்று அந்தத் தேர்வின் விதியே சொல்கிறது.

செம்பூர்க் கேள்விக்கு நான் கொடுத்திருந்த நான்கு விடைகள் இவை:

ஒன்று: 4, 7, 6, 12, 3, 20, 19.
இரண்டு: 4, 9, 6, 14, 3, 22, 19.
மூன்று: 2, 9, 4, 14, 1, 22, 17.
நான்கு: 8, 3, 13, 5, 21, 2, 18.

முதலெழுத்து 3-இலிருந்து 4 ஆக வேண்டும். மூன்றும் நான்கும் போயின. இரண்டாவது எழுத்து 8-இலிருந்து 7. இரண்டும் போயிற்று. ஏழு எழுத்தில் இரண்டைத் தொட்டதுமே விடை கையில். இந்த நான்கும் சும்மா போட்ட எண்கள் இல்லை என்பதையும் அவளுக்குக் காட்டினேன். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டியவர் விழும் குழி. மூன்றாவது, கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டவருக்கு. நான்காவது, இரண்டிரண்டாக இடம் மாற்றியவருக்கு.

"அது நான்தான்" என்று சிரித்தாள்.

கேள்வி எடுப்பவர் நம் தவறுகளை நமக்கு முன்பே செய்து பார்த்துவிட்டுத்தான் தாளை எழுதுகிறார். தப்பான விடைகளைப் படித்தாலே எந்தெந்த விதிகளை அவர் மனத்தில் வைத்திருந்தார் என்பது தெரியும்.

நம் அரிச்சுவடியில் ஒரு கட்டம்

தேர்வு தமிழில் நடந்தாலும் இந்தக் கேள்விக்குள் வரும் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். "தமிழ்ல இப்படிச் செய்ய முடியாதா மாமா?" என்று கேட்டாள். எழுத்தை எண்ணாக்குவதும் எண்ணை எழுத்தாக்குவதும் நமக்குப் புதிதில்லை. பழைய தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. எட்டேகாலைச் சேர்த்துப் படித்தால் 'அவ'. ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு பாட்டில், எதிரே இருப்பவரை அவலட்சணம் என்று வைவதற்கு இந்தக் கணக்குதான் ஆயுதம்.

அதைவிட அழகான ஒன்று நம் எழுத்து அட்டவணையிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒரே வரிசையில் நிற்கிறது. தமிழ் எழுத்து கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. மெய் 18, உயிர் 12. ஒவ்வோர் உயிர்மெய்யும் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சந்திக்கும் மூலை. க், ங், ச், ஞ், ட், ண், த், ந், ப், ம், ய், ர், ல், வ், ழ், ள், ற், ன் என்ற வரிசையில் மெய்யின் எண்ணை முதலிலும், உயிரின் எண்ணை அடுத்தும் எழுதினால், 'தே' என்பது 7-8. உயிர் சேராத மெய்க்கு உயிரெண் 0: 'வ்' என்றால் 14-0. மெய் இல்லாத உயிருக்கு மெய்யெண் 0: 'அ' என்றால் 0-1. தேவ்நார் இப்போது 7-8, 14-0, 8-2, 12-0.

மெய்க்கு 0 முதல் 18 வரை பத்தொன்பது வரிசை, உயிருக்கு 0 முதல் 12 வரை பதின்மூன்று பத்தி. பெருக்கிப் பாருங்கள்: 247. சின்ன வயதில் பாடமாக ஒப்பித்தோமே, தமிழ் எழுத்து மொத்தம் 247 என்று, அதே எண். அப்படியானால் 0-0 என்ற மூலையில் இருப்பது யார்? மெய்யும் இல்லை, உயிரும் இல்லை. ஆய்தம். இலக்கணம் அதைத் 'தனிநிலை' என்று அழைத்ததன் பொருத்தம் அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

அவள் அந்தக் கட்டத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே இருட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மேசையில் நான் காப்பி வைத்திருந்த காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது:

10-2, 10-2, 8-2, 16-9, 1-0, 1-5.